பன்னிரண்டாயிரம் முறை கேட்கப்பட்ட ஒரு கேள்வி

வாய்மொழிப் பாடல்களின் வேறுபாடுகளைத் தொகுப்பவனுக்குத் தொழில்முறைக் குணம் ஒன்று உண்டு: ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் அவனுக்கு அலுக்காது, பதில் சொல்பவருக்குத்தான் அலுக்கும். முப்பது ஆண்டுகளாக இதனை ஆய்வு நெறி என்றே நம்பியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கணினியின் முன் அமர்ந்த பிறகுதான் அதற்கு வேறு பெயர்களும் உண்டு என்று தெரிந்தது. திரையில் 'காத்திரு' என்னும் மணற்குடுவை அசையாமல் நிற்பதைப் பார்த்தபடி ஒரு முழு நாளை இழந்திருக்கும் அன்பர்களே, இத்துணுக்குகள் உங்களுக்காகவே. நடந்தவை எனக்கு முழுவதும் புரிந்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். புரியாமல் போன வரிசையிலேயே சொல்கிறேன்.

சாட்சிகளை விலக்க முடியாது

தாலாட்டுகளில் தாய்மாமன் தொட்டிலுக்கு என்ன கொண்டுவருகிறான் என்பதே என் ஆய்வு. ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் தமிழ்நாட்டின் எல்லாத் திசைக் குடும்பங்களும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்தன. ஒரு வாசலில் மாமன் வெள்ளிச் சங்கு கொண்டுவந்தான்; எதிர் வாசலில் பாலாடை; மாடியேறினால் அரைஞாண், அரணாக்கொடி, கிலுகிலுப்பை. கோவில்பதாகை, பாரிவாக்கம் போன்ற பழைய ஊர்களில் பதிந்தவற்றையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் வரிகள். சங்கும் பாலாடையும் குழந்தைக்குப் பால் புகட்டும் கலங்களே என்பதுபோல் ஒவ்வொரு வரியையும் வகைப்படுத்தி எண்ண வேண்டும். தொழிற்பேட்டையிலிருந்த சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்று சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தன் கணினியை எங்களுக்கு இரவல் தந்தது.

நிரல் எழுதக் கலைச்செல்வி வந்தார். விருதுநகர்ப் பக்கத்துப் பெற்றோர். பிறந்து வளர்ந்தது ஆவடிக் குடியிருப்பில். ஓராண்டுத் தற்காலிகப் பணி. ஆண்டு முடிவில் நிதிநல்கை வழங்கிய அமைப்பின் குழு வந்து, கணினி விடை தருவதைத் தன் கண்ணால் பார்க்கும். நிறைவளித்தால் திட்டமும் அவர் வேலையும் தொடரும். இல்லையெனில் இரண்டும் அன்றோடு முடியும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் வகையை ஒரே முறை கண்டு எழுதிவைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். நான் மறுத்தேன். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று முடிவுசெய்ய நான் யார்? நாளை ஒருவர் புதிய சொல் பாடினால் எழுதிவைத்த பட்டியல் அதனை விட்டுவிடாதா? பாடியவர்கள் தந்த விளக்கங்கள் தனியே ஒரு பட்டியலாக உள்ளன. ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சாட்சிகள் அனைவரையும் புதிதாக விசாரித்து, பெரும்பாலோர் சொல்வதையே விடையாகத் தரவேண்டும் என்றேன். அப்படி விசாரித்துச் சொல்லும் சிறு நிரலைத் தரவுத்தளத்தின் உள்ளேயே குடிவைக்கலாம், பெயர் சொல்லி அழைத்தால் வந்து விடை தரும் என்றார் அவர். அலுவலகத்தில் அதனை ஃபங்ஷன் என்றார்கள். நான் செயற்கூறு என்றேன். "ஒவ்வொரு வரிக்குமா சார்? ஒரே சொல் ஆயிரம் வாட்டி வந்தாலும் ஆயிரம் வாட்டியா?" என்று கேட்டார். ஆம் என்றேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார். நாளைக்கு ஓடலைன்னா, நான்தான் இப்படிச் செஞ்சேன்னு ஆயிரக்கூடாது."

ஒரு விநாடி

செயற்கூறு தயாரான சனிக்கிழமை 'பாலாடை' என்ற ஒரே சொல்லைக் கொடுத்துச் சோதித்தோம். அது எல்லாச் சாட்சிகளிடமும் சென்று, விசாரித்து, 'பால் கலம்' என்ற விடையுடன் திரும்பிவர ஒரு விநாடி ஆயிற்று. நான் வாய்விட்டுப் பாராட்டினேன். இவ்வளவு விரைவான கள உதவியாளர் எனக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. உடனே பன்னிரண்டாயிரம் வரிகளுக்கும் விடை கேட்டோம். மணற்குடுவை தோன்றியது. பதினொரு மணி ஆயிற்று, உணவு வேளை கடந்தது, மணி மூன்று. குடுவை அப்படியே நின்றது.

அந்த அறையின் குளிர்சாதனத்தையும் மின்சாரத்தையும் பார்த்துக்கொள்பவர் ரத்தினம், பாரிவாக்கத்துக்காரர். மணிக்கொரு முறை எட்டிப்பார்ப்பார். "இன்னா சாரே, மிசினு தூங்குதா?" என்றார். வேலை செய்கிறது என்றேன். "காத்தால ஒண்ணு கேட்டியே, அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?" ஒரு விநாடி என்றேன். "பன்னெண்டாயிரம் கேட்டா பன்னெண்டாயிரம் செகண்டு. மூணு மணி நேரத்துக்கு மேல ஆவும். இது கூடவா தெர்ல?" எனக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. ஒரு விநாடி என்பது ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்தேன். ஒன்றுமில்லாததைப் பன்னிரண்டாயிரத்தால் பெருக்கினாலும் ஒன்றுமில்லைதானே?

அப்போது கலைச்செல்வி தயங்கியபடி இன்னொன்று சொன்னார். செயற்கூறின் பெயரை அவர் மூன்று இடங்களில் எழுதியிருந்தார்: வகை தெரியாத வரிகளை நீக்க ஓரிடம், விடையைக் காட்ட ஓரிடம், வரிசைப்படுத்த ஓரிடம். "மூன்றும் ஒரே கேள்விதானே அம்மா, அதற்குத் தெரியாதா?" என்றேன். "தெரியாது சார். கூப்பிட்டா போகும். எதுக்குன்னு கேக்காது." ரத்தினம் விரல்விட்டு எண்ணினார்.

"அப்போ பத்து மணி நேரம்! அஞ்சாச்சுன்னா நான் ஏசிய ஆஃப் பண்ணி ரூம பூட்டிகினு போய்க்கினே இருப்பேன், வாத்தியாரே!"

கைதூக்கிய ஏழு பேர்

அடுத்த வாரம் கேள்வியைச் சுருக்கினேன். மூன்று அழைப்புகளை ஒன்றாக்கினோம். எல்லா ஊர்களும் வேண்டாம். கோவில்பதாகையில் பதிந்தவற்றுள் பால் கலம் வரும் வரிகள் மட்டும் போதும் என்றேன். கோவில்பதாகையில் பாடியவர் சரோஜா என்ற ஒருவரே. அவர் வரிகள் நாற்பதைத் தாண்டா. நாற்பது விநாடியில் முடியும் என்று நானே பெருக்கிப் பார்த்து, ரத்தினத்திடமும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

மூன்று மணி நேரத்திற்கு மேலாயிற்று. வந்தவை ஏழு வரிகள். நாற்பது வரிகளுக்கு எதற்கு மூன்று மணி நேரம் என்ற என் கேள்வி கணினியின் மீது நான் கொண்டிருந்த மரியாதையையே அசைத்துவிட்டது. நாங்கள் கொடுத்த நிபந்தனைகள் இரண்டு: ஊர் ஒன்று, வகை ஒன்று. ஊரை முதலில் பார்த்திருந்தால் பதினோராயிரத்துச் சொச்சம் வரிகள் தொடக்கத்திலேயே விலகியிருக்கும். அதுவோ வகையை முதலில் பார்த்திருக்கிறது. செயற்கூறுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்க்கும் கணினிக்குத் தெரியாதாம்; இரண்டு நிபந்தனையும் அதற்கு ஒரே எடையாம். கலைச்செல்வியை மீண்டும் விளக்கச் சொன்னேன். மீண்டும் சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது கலைச்செல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கல்யாண வீட்டுல வந்த அத்தனை பேருக்கும் எலை போட்டு, பாயசம் வரைக்கும் பரிமாறிட்டு, அப்புறமா 'இதுல கோவில்பதாகைக்காரங்க மட்டும் கை தூக்குங்க'ன்னு கேட்டிருக்கு சார். ஏழு பேரு தூக்குனாங்க."

ஒன்றுமே செய்யாத வேலை

குற்றம் சாட்சிகளை விசாரிப்பதில்தான் உள்ளது என்று எனக்குத் தோன்றியது. அதனை உறுதிசெய்ய ஒரு சோதனை கேட்டேன்: விசாரணையே இல்லாத, கொடுத்த சொல்லை அப்படியே திருப்பித் தருகிற வெறும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள் என்றேன். எழுதினார். செயற்கூறே இல்லாமல் பன்னிரண்டாயிரம் வரிகளைப் படிக்க மூன்று விநாடி ஆயிற்று. வெறும் செயற்கூறை அழைத்துப் படித்தால் ஒரு நிமிடத்தை நெருங்கியது. சங்கைக் கொடுத்துச் சங்கைத் திரும்பப் பெறுவதற்கு ஏன் நேரமாக வேண்டும்? விசாரணையில் நேரம் செல்வது புரிந்தது. ஒன்றுமே செய்யாததில் நேரம் செல்வது புரியவில்லை. சோதனையை ஆறு முறை நடத்தி, நேரங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆறும் ஏறக்குறைய ஒன்றே.

அன்று மாலை கலைச்செல்வியை அழைத்துச்செல்ல அவர் கணவர் சேகர் மொபெட்டில் வந்தார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். "வர்ற மாசம் கமிட்டியாமே சார்? வேலை தொடரும்னு நம்பித்தான் இவ வேற இடத்துக்கு அப்ளிகேஷனே போடல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. கையெழுத்திட்ட தாள் நினைவுக்கு வந்தது. பேச்சை மாற்றுவதற்காக அந்த ஒரு நிமிடப் புதிரை அவரிடம் சொன்னேன். வரிகளைப் படிக்கும் பகுதியும் செயற்கூறு இயங்கும் பகுதியும் கணினிக்குள் வேறு வேறு என்று கலைச்செல்வி இடையில் விளக்கினார். ஒவ்வொரு வரிக்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று திரும்ப வேண்டுமாம். சேகருக்கு அது உடனே புரிந்துவிட்டது.

"எங்க ஃபேக்டரி கேட்டு மாதிரி சார். உள்ள ஒரு வேலையும் இல்லாட்டியும் டோக்கன் போடணும், டிபன் பாக்ஸைத் தொறந்து காட்டணும். பன்னெண்டாயிரம் வாட்டி வெளிய போயிட்டு வாங்க, தெரியும்."

வரப்பேறிய சரோஜா

தொழிற்சாலை வாயிலும் திருமணப் பந்தியும் எனக்குத் தனித்தனியே விளங்கின. சேர்த்துப் பார்த்தால் மீண்டும் குழம்பின. குழம்பும்போது களத்திற்குப் போவது என் வழக்கம். கோவில்பதாகையில் நடவு நடந்துகொண்டிருந்தது. சரோஜாவின் குடும்பம் தலைமுறைகளாக அங்கே பயிர் செய்வது. சேற்றில் ஒலிப்பதிவுக் கருவியுடன் இறங்க எனக்குத் தைரியமில்லை. வரப்பில் நின்று அழைத்தேன். அவர் நாற்றைக் கீழே வைத்து, சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி, வாய்க்காலில் கை கழுவி, முந்தானையில் துடைத்து, ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார். "பாலாடை என்றால் என்னம்மா?" என்றேன். "பால் ஊத்தறது" என்றார். திரும்ப இறங்கினார். நான்கு நாற்று நட்டிருப்பார். எனக்கு அடுத்த சொல் நினைவுக்கு வந்தது. அழைத்தேன். மறுபடி காலைப் பிடுங்கி, கை கழுவி, துடைத்து, வந்தார்.

ஐந்தாம் முறை அழைத்தபோது உடன் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "சரோசா, உன் ஊட்டுக்காரரு கூட இத்தினி தபா கூப்ட மாட்டாருடி!" என்றார் ஒருவர். "கூப்ட்டா போவ மாட்டா, வாத்தியாருன்றதால போறா!" என்றார் இன்னொருவர். சரோஜா வரப்பேறி வந்தார். இம்முறை கை கழுவவில்லை. நான் 'பாலாடை' என்று மறுபடி தொடங்கியதும், இடுப்பில் சேற்றுக் கையை ஊன்றிக்கொண்டார்.

"போன வருசம் சொன்னேன், இப்பத்தான் சொன்னேன், நீயும் நோட்டுல எழ்திகினே. அத்தத் தொறந்து பாக்க உனுக்கு இன்னா கஷ்டம் வாத்தியாரே? நான் மாத்திப் பாடுனா நானே கூப்ட்டு சொல்ல மாட்டேனா?"

முந்நூறு சொற்கள்

அடுத்த சனிக்கிழமை கலைச்செல்வியிடம், "சொற்களை ஒரே முறை விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். இதைத்தானே முதல் நாளே சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பன்னிரண்டாயிரம் வரிகளில் மாமன் கொண்டுவரும் பொருட்களுக்கு மொத்தம் எத்தனை சொற்கள் என்று எண்ணிக் காட்டினார்: முந்நூற்றுச் சொச்சம். அவ்வளவே. அந்த முந்நூறையும் செயற்கூறிடம் சொல்லுக்கு ஒரு முறை மட்டும் கேட்டு, விடைகளை ஒரு சிறு பட்டியலில் இட்டோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு வரிகளையும் அந்தப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பொருத்தும்படி கணினியிடம் சொன்னார்.

நான்கு விநாடி. அதே சாட்சிகள், ஓர் எழுத்தும் மாறாத அதே செயற்கூறு, அதே கணினி. பத்து மணி நேரம் எங்கே போயிற்று என்று நான் திரையின் பின்பக்கம்கூட எட்டிப்பார்த்தேன். தவறு நேர்ந்திருக்க வேண்டும் என்று இருநூறு வரிகளைக் குறிப்பேட்டோடு கையால் ஒப்பிட்டேன். எல்லாம் சரி. கலைச்செல்வி மேசையிழுப்பறையிலிருந்து நான் கையெழுத்திட்ட தாளை எடுத்து, என்னிடம் நீட்டினார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ரத்தினத்திற்கு மட்டும் மகிழ்ச்சி இல்லை.

"இம்மாம் சீக்கிரம் வந்தா கமிட்டிக்காரங்க நம்ப மாட்டாங்க சாரே. ஒரு அரை மணி நேரம் சும்மானாச்சும் சுத்த வுடு."

குழு வந்த நாள்

மூவர் வந்தனர். தலைவர் மதுரைப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர். கலைச்செல்வி கேள்வியைத் தட்டினார். நான்கு விநாடியில் திரை நிறைந்தது. தலைவர் திரையைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முன்கூட்டியே எழுதி வச்சதுதானே இது?" என்றார். கதவருகே நின்ற ரத்தினம் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. "ஆம்" என்றேன். கலைச்செல்வியின் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் வேலையை என் ஒரு சொல்லால் போக்கிவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அப்ப எங்க அம்மா பாடினதைச் சேருங்க, பாப்போம்" என்றார் தலைவர். "மாமன் நடைவண்டி கொண்டாந்தான்னு பாடுவாங்க." கலைச்செல்வி அந்த வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி கேட்டார். நான்கு விநாடி. திரையில் நடைவண்டி இல்லை. "எங்கம்மா பாட்டு எங்கங்க?" என்றார் தலைவர். எழுதிவைத்த பட்டியலில் இல்லாத சொல், பொருந்த இடமின்றி விழுந்துவிட்டிருந்தது. முதல் நாள் நான் அஞ்சியது இதுவே. அஞ்சியது சரியென்று தெரிந்ததில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் ஏற்படவில்லை.

கலைச்செல்வி பதறவில்லை. "நடைவண்டின்னா உங்க ஊர்ல என்னன்னு சொல்லுங்க சார்" என்றார். "குழந்தை தள்ளிக்கிட்டு நடை பழகும், மூணு சக்கரம், மரத்துல செய்றது." அதை வகையோடு சேர்த்துத் தலைவர் பெயரிலேயே சாட்சிப் பட்டியலில் பதிந்தார். பிறகு செயற்கூறை அழைத்தார், அந்த ஒரே சொல்லுக்காக, ஒரே முறை. ஒரு விநாடி. வந்த விடையைச் சிறு பட்டியலில் சேர்த்துவிட்டு மீண்டும் கேட்டார். திரையின் கீழ்க்கோடியில், 'விளையாட்டுப் பொருள்' என்ற வகையில், நடைவண்டி நின்றது. "புதுசா யாராவது சொன்னா அதை மட்டும் விசாரிப்போம் சார். பழசை எழுதி வச்சிருக்கோம்" என்றார். சரோஜா வரப்பில் நின்று சொன்னதும் இதுவே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அந்த வரியை இரண்டு முறை வாய்க்குள் படித்தார். அறிக்கைத்தாளில் கையெழுத்திட்டு மூடிவைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கலைச்செல்வியைப் பார்த்துப் பேசினார்.

"எங்க மாமியார் இதையே வேற மாதிரி பாடுவாங்கம்மா, எழுதிட்டு வர்றேன். அடுத்த வருஷமும் நீங்கதானே இங்க இருப்பீங்க?"

ஒரு கேள்வியை ஒரே முறை கேட்டால் போதும் என்பதை எனக்கு விளங்கவைக்கக் கலைச்செல்வி அதனைப் பதினான்கு முறை சொல்ல நேர்ந்தது என்பதையும், அவற்றுள் எந்த இரண்டும் ஒரே சொற்களில் அமையவில்லை என்பதையும் நாள், கிழமையுடன் குறித்து வைத்திருக்கிறேன்.